நீரிணையில் போர் – 17: பெட்டார்ட் கப்பல் மீதான வழக்கு

1944 பிப்ரவரி 12, சனிக்கிழமை பிற்பகல். மாலத்தீவுகளின் தென்பகுதியில், ஒன்றரை டிகிரிக் கால்வாய்க்கு அருகே, ஐந்து துருப்புக் கப்பல்கள் கொழும்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அணியின் தலைமைக் கப்பலான ‘கெடிவ் இஸ்மாயில்’ இரண்டு டார்பிடோ அடி வாங்கி ஏறத்தாழ மூன்றே நிமிடத்தில் மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 1,511 பேர். பிழைத்தவர்கள் 214 பேர். அடித்தது ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி. அது கிளம்பி வந்த இடம் நம்முடைய பினாங்கு. சென்ற வாரங்களில் சுவெட்டன்ஹாம் துறைமேடையை ஜப்பான்காரன் எப்படி நீர்மூழ்கித் தளமாக்கினான் என்பதைக் கரையில் நின்று பார்த்தோம். அந்தத் தளம் வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் அப்பால் எத்தனை உயிரை விலை கேட்டது என்பதை இந்த வாரம் பார்க்க வேண்டும். அதற்கு இந்தச் சம்பவத்தைவிடக் கனமான சாட்சி கிடையாது. கப்பல் மூழ்கியதோடு அந்தப் பிற்பகல் முடிந்துவிடவில்லை. துணைக்கு வந்த ‘பெட்டார்ட்’ என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல், நீர்மூழ்கியை வெளியே கொண்டுவர, தப்பியவர்கள் நீந்திக்கொண்டிருந்த அதே நீரில் ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டது. காப்பாற்ற வந்தவனே கொன்றான் என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்து அந்தக் கப்பலைத் தொடர்ந்து வருகிறது. பெட்டார்ட் செய்தது சரிதான் என்பதே என் முடிவு. ஆனால் அந்த மரணங்களுக்குப் பொறுப்பாளி யாருமே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பொறுப்பைத் தேட வேண்டிய இடம் அந்தக் கப்பலின் மேல்தளம் அல்ல.

முதலில் குற்றம் சாட்டப்பட்டவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நியூகாசலில் கட்டப்பட்ட பெட்டார்ட் 1942 ஜூனில் பணிக்கு வந்தது. வந்த சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று, எகிப்துக் கரைக்கு வடக்கே யூ-559 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியைத் துரத்தி மேலே எழுப்பிய கப்பல்களில் அதுவும் ஒன்று. ஜெர்மானியர்கள் கைவிட்டு ஓடிய அந்த நீர்மூழ்கிக்குள் பெட்டார்டின் லெப்டினன்ட் ஆந்தனி ஃபாசனும் மாலுமி காலின் கிரேசியரும் இறங்கினார்கள். கப்பலின் கேண்டீனில் வேலை பார்த்த டாமி பிரவுன் என்ற 16 வயதுப் பையன் அவர்கள் எடுத்துக் கொடுத்த குறியீட்டுப் புத்தகங்களை வாங்கி மேலே அனுப்பினான். நீர்மூழ்கி திடீரென்று மூழ்கியபோது பையன் தப்பினான். மற்ற இருவரும் உள்ளேயே போய்விட்டார்கள். அந்தப் புத்தகங்கள் பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தன. ஏறத்தாழ பத்து மாதங்களாகப் படிக்க முடியாமல் இருந்த ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் எனிக்மா குறியீட்டுச் செய்திகள் டிசம்பர் நடுவில் மறுபடியும் படிக்கக் கிடைத்தன. அதே டிசம்பர் 15 அன்று, மால்டாவுக்குத் தெற்கே, கிரேக்க நாசகாரி ஒன்றுடன் சேர்ந்து ‘ஊவார்ஷெக்’ என்ற இத்தாலிய நீர்மூழ்கியையும் பெட்டார்ட் வீழ்த்தியது. இந்த இரண்டு நிகழ்ச்சியையும் சொல்வது அந்தக் கப்பலுக்குப் பெருமை சேர்க்க அல்ல. அதன் மாலுமிகள் நீர்மூழ்கி வேட்டையில் அனுபவப்பட்டவர்கள்; மூழ்கும் கலத்துக்குள் தோழர்கள் சாவதைக் கண்ணால் பார்த்தவர்கள். 1944 பிப்ரவரியில் அவர்கள் செய்ததைப் பதற்றத்தில் செய்த தவறு என்றோ, உயிரின் விலை தெரியாதவர்களின் செயல் என்றோ தள்ளிவிட முடியாது.

பெட்டார்டின் அந்த வெற்றிக்கும் பினாங்குக்கும் சுற்றிவளைத்து ஒரு தொடர்பு உண்டு. எனிக்மா படிக்கப்பட்டது, தொலைதூர விமானங்கள் வந்தது, துணைக்கப்பல்கள் பெருகியது எல்லாம் சேர்ந்து 1943 மே மாதத்தில் அட்லாண்டிக்கில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் முதுகெலும்பை முறித்தன. அங்கே வேட்டைக்கு வழியில்லாமல் போன ஜெர்மானியக் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ், தன் நீர்மூழ்கிகளில் சிலவற்றை இந்தியப் பெருங்கடலுக்குத் திருப்பினார். ‘மொன்சூன்’ என்று பெயர் வைத்த அந்தக் குழுவுக்குத் தளமாகக் கிடைத்தது பினாங்கு. ஜப்பானியர்கள் 1942இலிருந்தே இங்கே நீர்மூழ்கிகளை நிறுத்தியிருந்தார்கள். 1943 ஏப்ரலில் பினாங்கிலிருந்து கிளம்பிய ஐ-29 தான் மடகாஸ்கருக்கு அருகே நடுக்கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு மே 6 அன்று சுமத்ராவுக்கு அருகே சபாங்கில் இறக்கியது. நம் வீடுகளில் நேதாஜி படம் தொங்கிய காலத்தில், அவரைக் கொண்டுவந்த கலத்தின் தாய்த்துறை எது என்பதைப் பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பே, 1942 செப்டம்பரில், பினாங்கு சுவராஜ் பயிற்சிப் பள்ளியில் பழகிய இந்திய இளைஞர்கள் சிலரை ஒரு நீர்மூழ்கி இங்கிருந்து கொண்டுபோய் மலபார்க் கரையில் தானூருக்கு அருகே இறக்கியது. வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வர் ஓராண்டு கழித்துச் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆக, அந்தத் துறைமேடையை ஒரே நிறத்தில் எழுதிவிட முடியாது. விடுதலையைக் கொண்டுவருவதாகச் சொன்ன கப்பலும், ஆப்பிரிக்கப் பீரங்கி வீரர்களையும் தாதியரையும் நடுக்கடலில் புதைத்த கப்பலும் அங்கேதான் எண்ணெய் நிரப்பின.

ஐ-27 பெரிய கலம். 2,500 டன்னுக்கு மேல், ஏறத்தாழ நூறு பேர். பசிபிக்கில் தொடங்கிய வாழ்க்கை அதனுடையது. 1942 மே 31 இரவு சிட்னித் துறைமுகத்துக்குள் குட்டி நீர்மூழ்கிகளை அனுப்பிய தாய்க்கலங்களில் அது ஒன்று. அது அனுப்பிய குட்டிக் கலம் துறைமுக வலையில் மாட்டி, உள்ளே இருந்த இருவரும் தாங்களே வெடிவைத்துச் செத்தார்கள். 1943 முதல் லெப்டினன்ட் கமாண்டர் ஃபுக்குமுரா தோஷியாகியின் தலைமையில் பினாங்கிலிருந்து அரபிக் கடல் வரை போய்ப் பல சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. 1944 பிப்ரவரித் தொடக்கத்தில் அது மறுபடியும் பினாங்கைவிட்டுப் புறப்பட்ட அதே நாட்களில், கே.ஆர்.-8 என்ற கப்பல் அணி மொம்பாசாவின் கிளிண்டினித் துறையிலிருந்து கிளம்பியது. கெடிவ் இஸ்மாயிலைத் தவிர சிட்டி ஆஃப் பாரிஸ், வர்சோவா, எக்மா, எல்லெங்கா. கடைசி மூன்றும் பிரிட்டிஷ் இந்தியா என்ற பி.ஐ. கம்பெனிக் கப்பல்கள், நாகப்பட்டினத்திலிருந்து நம் முன்னோரைப் பினாங்குக்கு ஏற்றி வந்த அதே கம்பெனி. அணியில் மொத்தம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். துணைக்கு இருந்தவை மூன்றே மூன்று: முதல் உலகப்போர்க் காலத்தில் கட்டத் தொடங்கிய ஹாக்கின்ஸ் என்ற பழைய குரூசர், பெட்டார்ட், அதன் சகோதரக் கப்பல் பாலடின்.

கெடிவ் இஸ்மாயிலில் கிழக்காப்பிரிக்கப் பீரங்கிப் படையின் 301ஆம் ரெஜிமென்ட் ஆட்கள் 996 பேர், கடற்படையினர், கப்பல் ஊழியர்கள், தாதியர், கடற்படைப் பெண் ஊழியர்கள். பர்மாப் போருக்குப் போகிறவர்கள். மூன்று நிமிடத்தில் மூழ்கும் கப்பலில் கீழ்த்தளத்தில் இருப்பவனுக்கு ஏணி கிடைக்காது. இறந்த 1,297 பேரில் மிகப் பெரும்பாலோர் தண்ணீரைத் தொடும் முன்பே கப்பலோடு போய்விட்டவர்கள் என்பதை அந்த மூன்று நிமிடக் கணக்கே சொல்லிவிடுகிறது. மற்ற நான்கு கப்பல்களும் சிதறி விலகி ஓடின, விதி அதுதான். பாலடின் தன் படகுகளை இறக்கி நீந்துகிறவர்களை ஏற்றத் தொடங்கியது. பெட்டார்ட் வேட்டைக்குப் போனது. ஒலிக்கருவியில் நீர்மூழ்கி அகப்பட்ட இடம், மனிதத் தலைகள் மிதந்துகொண்டிருந்த இடத்துக்கு அடியில்.

ஆழ்நீர்க் குண்டு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விவரமாகப் பார்த்தால்தான் பெட்டார்டின் தலைவர் கமாண்டர் ரூபர்ட் ஈகன் முன்னால் இருந்த நிலை விளங்கும். அது ஒரு பீப்பாய். உள்ளே 130 கிலோ அளவுக்கு வெடிமருந்து. எந்த ஆழத்து அழுத்தத்தில் வெடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே திருகிவைத்துக் கப்பலின் பின்புறத்திலிருந்து உருட்டிவிடுவார்கள். போடும் கப்பல் வேகமாக ஓட வேண்டும். மெதுவாகப் போனால் தன் வெடியில் தானே சிக்கும். வேகமாக ஓடினால் நீந்துகிறவர்களை முன்முகமும் சுழலியும் வெட்டும். ஒலிக்கருவியின் அலை முன்பக்கம் சாய்வாகப் போவதால், நீர்மூழ்கிக்கு மேலே நெருங்கும் கடைசிச் சில நூறடியில் அதன் தடயம் கருவியிலிருந்து மறைந்துவிடும். அந்த இடைவெளியை அனுமானத்தால்தான் கடக்க வேண்டும். வெடித்ததும் கொந்தளிக்கும் நீரில் சற்று நேரம் எதுவும் கேட்காது. தண்ணீர் அமுங்காத பொருள் என்பதால் வெடியின் அதிர்ச்சி நீந்துகிறவன் உடம்பில் நேராகப் பாயும். வெளியே காயம் தெரியாது, குடலும் நுரையீரலும் கிழியும். இது அன்று பெட்டார்டின் மேல்தளத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தே போட்டார்கள். அந்த அறிவையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

குண்டுகள் வேலை செய்தன. ஐ-27 அடிபட்டு மேலே வந்தது. பாலடின் அதை முட்டித் தள்ளப் பாய்ந்தது. முட்டினால் பாலடினுக்கே ஆபத்து என்று பெட்டார்ட் சைகை காட்டியும், விலகும் வேளையில் நீர்மூழ்கியின் பக்கத் துடுப்பு பாலடினின் அடிப்பக்கத்தைக் கிழித்துவிட்டது. அந்தத் தடித்த உடலை பெட்டார்டின் 4 அங்குலப் பீரங்கிகள் துளைக்கவில்லை. கடைசியில் டார்பிடோக்களைப் பயன்படுத்தினார்கள். ஒன்று, இரண்டு என்று ஆறு தவறின, ஏழாவது பட்டது. நீர்மூழ்கியின் ஏறத்தாழ முழுக் குழுவும் அங்கேயே அழிந்தது. பாலடினைக் கட்டி இழுத்துக்கொண்டு பெட்டார்ட் அட்டு தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தாலிய, ஜெர்மானிய, ஜப்பானிய நீர்மூழ்கிகள் மூன்றையும் மூழ்கடித்த ஒரே கப்பல் என்ற பெயர் அன்று பெட்டார்டுக்கு வந்தது. அந்தப் பெயரைக் கொண்டாடுகிறவர்கள் பலர், அது எந்த நீரில் வந்தது என்பதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது, காத்திருந்திருக்கலாமே என்பது. நீருக்கடியில் நீர்மூழ்கி மின்கலத்தில் ஓடுகிறது; ஓட ஓட மின்சாரமும் காற்றும் குறையும். இரண்டு நாசகாரிகள் அதன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கே போய்விடும்? முதலில் ஆட்களை ஏற்றிவிட்டுப் பிறகு குண்டு போடலாமே? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்த வாதம், கீழே இருப்பவன் ஒளிந்திருக்கிறான், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறது. ஒளிந்திருப்பவன் கையில் டார்பிடோவும் இருந்தது. ஆளை ஏற்ற நிற்கும் கப்பலைவிட எளிதான இலக்கு கடலில் இல்லை. பிரிட்டிஷ் கடற்படை இதை விலை கொடுத்துக் கற்றது 1914 செப்டம்பர் 22 அன்று. சென்னைக் கரையில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டதும் அதே நாள் இரவு என்பதால் தேதி நமக்கு நினைவில் நிற்கும். அன்று காலை ஹாலந்துக் கரைக்கு அப்பால் யூ-9 என்ற ஒற்றை நீர்மூழ்கி ‘அபுகிர்’ என்ற குரூசரை அடித்தது. அதன் ஆட்களைக் காப்பாற்ற நின்ற ‘ஹோக்’ அடிபட்டது. அதற்குப் பிறகும் நின்ற ‘கிரெஸ்ஸி’யும் அடிபட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் 1,459 பேர். இரக்கத்தால் நின்ற இரண்டு கப்பல்கள் சாவின் எண்ணிக்கையைப் பெருக்கின. அதற்குப் பிறகு நீர்மூழ்கி இருக்கும் இடத்தில் நிற்காதே என்பது கட்டளையாகவே ஆனது. 1944இல் பாலடின் படகுகளை இறக்கியது அந்தக் கட்டளையை மீறும் அளவுக்கான துணிச்சல். அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்ததே, பெட்டார்ட் நீர்மூழ்கியைத் தலைதூக்கவிடாமல் அழுத்திக்கொண்டிருந்ததுதான்.

தப்பிய நீர்மூழ்கி என்ன செய்யும் என்பதற்கு ஐரோப்பாவுக்கெல்லாம் போக வேண்டாம், நம் நீரிணையிலேயே சான்று இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 11 அன்று பினாங்குக்கு வடமேற்கே சுமார் பத்து கடல்மைலில், ஜப்பானிய குரூசர் ‘குமா’வை பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘டாலிஹோ’ அடித்து மூழ்கடித்தது. குமாவோடு வந்த நாசகாரி ‘உரநாமி’ ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டது, தப்பியவர்களையும் ஏற்றியது. டாலிஹோ தப்பிவிட்டது. பிப்ரவரி 14 அன்று, அதாவது ஐ-27 அழிந்த இரண்டாம் நாள், சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வந்துகொண்டிருந்த யூ.ஐ.டி.-23 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியை அதே டாலிஹோ இதே நீரிணையில் மூழ்கடித்தது. தப்பவிட்ட நீர்மூழ்கி ஐந்து வாரத்துக்குள் இன்னொரு கலத்தைத் தின்றது. ஐ-27 தப்பியிருந்தால், துணை குறைந்து போய்க்கொண்டிருந்த நான்கு கப்பல்களும் அவற்றிலிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களும் அதன் எல்லைக்குள்தான் இருந்தார்கள். நீரில் தெரிந்த சில நூறு முகங்களோடு, கண்ணுக்குத் தெரியாத அந்த நாலாயிரம் பேரையும் ஈகன் கணக்கில் வைத்தார். துணைக்கப்பலின் கடமையே அதுதான்.

மனிதத்தன்மையோடு நடந்துகொண்டவர்களும் இருந்தார்களே என்று எம்டனைக் காட்டுவார்கள். உண்மைதான். 1914 அக்டோபர் 28 அதிகாலை பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ‘ஜெம்சுக்’கை மூழ்கடித்துவிட்டு வெளியேறிய எம்டன், வழியில் பிரெஞ்சு நாசகாரி ‘முஸ்கே’யையும் அடித்தது. அடித்த பிறகு நின்று முஸ்கேயின் ஆட்களை நீரிலிருந்து ஏற்றிக்கொண்டது. அதன் கேப்டன் வான் முல்லரை எதிரிகளே புகழ்ந்தார்கள். ஆனால் அவர் நின்றபோது அவர் காலடியில் நீர்மூழ்கி இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஆபத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க முடிந்தது. மேலே வரும் எதிரியும் கீழே கிடக்கும் எதிரியும் ஒன்றல்ல. இன்னொரு சான்று, நம் மக்களுக்கு நன்கு பழக்கமான ‘ரோணா’. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய அந்த பி.ஐ. கப்பல் போரில் துருப்புக் கப்பலாகி, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் வீசிய வழிகாட்டுக் குண்டில் எரிந்து மூழ்கியது. 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அங்கே ‘பயனியர்’ என்ற சிறு கண்ணிவாரிக் கப்பல் இரவெல்லாம் நின்று 600க்கும் மேற்பட்டவர்களை ஏற்றியது. எதிரி வானத்திலிருந்து வந்து போய்விட்டதால் அது முடிந்தது. 1945 மே 16 அதிகாலை, பினாங்குக்குத் தென்மேற்கே ஜப்பானிய குரூசர் ‘ஹகுரோ’ மூழ்கியபோது அதன் துணைக்கப்பல் ‘காமிகாசே’ முதலில் ஓடித் தப்பியது. பிரிட்டிஷ் கப்பல்கள் போன பிறகு திரும்பி வந்து 320 பேரை எடுத்தது. இந்த எல்லா நிகழ்ச்சியிலும் மீட்பு நடந்தது எதிரி நீங்கிய பிறகுதான். எதிரியை நீக்குவதற்காகவே பெட்டார்ட் குண்டு போட்டது.

மூன்றாவது எதிர்வாதம் எனக்கு மற்றவற்றைவிட உறுத்துகிறது. நீரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள் என்பதால்தான் அந்தக் கட்டளை எளிதாக வந்ததா? காலனிய ராணுவத்தில் ஆப்பிரிக்க உயிருக்கும் ஆசிய உயிருக்கும் என்ன மதிப்பு இருந்தது என்பது மலாயாத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போனவர்கள், மற்றவர்களைக் குண்டுவீச்சுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்க ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர்தான் மிஞ்சியிருந்தார். அதனால் இந்தச் சந்தேகத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. ஆனால் அன்று அதே நீரில் பிரிட்டிஷ் கடற்படைக்காரர்களும் இருந்தார்கள். இறந்தவர்களில் 77 பேர் பெண்கள். காமன்வெல்த் நாடுகளின் ராணுவப் பணியில் இருந்த பெண்கள் ஒரே நிகழ்ச்சியில் இத்தனை பேர் இறந்தது அதற்கு முன்னும் பின்னும் இல்லை. தன் இனத்துப் பெண்களும் தன் படை ஆட்களும் மிதக்கும் நீரில் அந்தக் கட்டளையைக் கொடுத்தவர், நிறம் பார்த்துக் கொடுத்தார் என்று சொல்ல இடமில்லை. நிறம் வேலை செய்தது பிற்பாடு, நினைவில். அந்தக் கப்பலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் தாதியரின் பெயர்கள் முன்னால் வருகின்றன. பீரங்கி வீரர்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள். நைரோபியிலுள்ள கிழக்காப்பிரிக்க நினைவிடத்தில் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தாலும், பர்மாப் போரின் வரலாறுகளில் அந்த ரெஜிமென்டுக்குக் கிடைத்த இடம் சொற்பம்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? ஆறாயிரம் பேர் போகும் அணிக்கு மூன்று கப்பல் என்று தீர்மானித்த மேசைகளுடையது. நீர்மூழ்கியைத் தேடி அடிக்கும் வேகமான கலங்கள் அதில் இரண்டே. ஐந்து கப்பல்களின் முன்பக்கத்தை இரண்டு ஒலிக்கருவிகளால் மூடினால் பக்கங்கள் திறந்துகிடக்கும்; பட்டப்பகலில் உள்ளே நுழைந்து அடிக்க ஐ-27க்கு அந்தத் திறப்பே போதும். மூன்றாவதாக ஒரு நல்ல துணைக்கப்பல் இருந்திருந்தால், ஒன்று ஆட்களை ஏற்ற, ஒன்று அணியோடு போக, ஒன்று காத்திருந்து வேட்டையாட முடிந்திருக்கும். காத்திருந்திருக்கலாமே என்ற கேள்வி ஈகனிடம் கேட்கப்படாமல் கொழும்பிலும் லண்டனிலும் கேட்கப்பட வேண்டியது இதனால்தான். 1942 ஏப்ரலில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் அடித்த பிறகு பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படை கிளிண்டினிக்கு ஒதுங்கியது. 1943இல் சிசிலிப் படையெடுப்புக்கு இங்கிருந்து துணைக்கப்பல்கள் உருவிக்கொள்ளப்பட்டன. 1944 ஜனவரியில் பெரிய போர்க்கப்பல்களும் விமானந்தாங்கியும் திரிகோணமலைக்கு வந்து சேர்ந்தன. அவற்றைச் சுற்றி நிற்கவும் நாசகாரிகள் வேண்டும். இருந்த கொஞ்ச நாசகாரிகளைப் பெரிய கப்பல்கள் கேட்டன, ஐரோப்பா கேட்டது. மீதியில்தான் துருப்பு அணிகளும் சரக்குக் கப்பல்களும் ஓட்ட வேண்டியிருந்தது. ஹிட்லரை முதலில் முடிப்பது என்ற முடிவு சரியானதே என்று ஒருவர் வாதிடலாம். நானும் அதை முழுக்க மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு விலை உண்டு. அதை இந்தியப் பெருங்கடலில் கொடுத்தவர்கள் இவர்கள் என்பதை அந்த முடிவின் புகழோடு சேர்த்தே எழுத வேண்டும்.

இதே கணக்கு ஜப்பான்காரன் பக்கமும் நடந்தது, அதன் விலையை நம் மக்கள் கொடுத்தார்கள். இது தற்செயலான ஒப்புமை என்று எனக்குத் தோன்றவில்லை. போரில் இறங்கும்போது ஜப்பானிடம் துணைக்காவலுக்கென்றே கட்டிய கடற்காவல் கப்பல்கள் நான்குதான். பெரும் போர்க்கப்பல்களுக்குக் காசும் பெருமையும் கொட்டிய அந்தக் கடற்படை, சரக்குக் கப்பலுக்கு வழித்துணை போவதை இரண்டாந்தர வேலையாக நினைத்தது. துணைக்காவலுக்கென்று தனித் தலைமையகம் அமைந்ததே 1943 நவம்பரில். இதற்கிடையில் பர்மாவிலிருந்த படைக்கு ஆளும் உணவும் வெடிமருந்தும் போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குப் போகும் கடல்வழி நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் திறந்துகிடந்தது. கப்பலைக் காக்கக் கப்பல் இல்லாதபோது, கடலைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குள் தண்டவாளம் போடலாம் என்று 1942 நடுவில் முடிவெடுத்தார்கள். பான்போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். சயாம் மரண ரயில். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பசியிலும் அங்கே செத்தார்கள். வெல்லெஸ்லி மாநிலம் என்று அன்று அழைக்கப்பட்ட நம் செபராங் பிறையிலும், இரத்தமும் வியர்வையும் விட்டு வளர்த்த பால்மரங்களுக்கு நடுவே, ‘ரயிலுக்குப் போனவர்’ என்ற ஒரு சொல்லில் முடிந்துபோன வாழ்க்கைகள் உண்டு. தோக்கியோவில் கட்டப்படாத துணைக்கப்பல்களுக்கும் அவர்கள் சாவுக்கும் இடையில் ஒரு நேர்கோடு போகிறது. கெடிவ் இஸ்மாயிலின் ஆப்பிரிக்கர்களும் ரயில் பாதையின் தமிழர்களும் வேறு வேறு கொடிகளின் கீழே, ஒரே மாதிரியான பற்றாக்குறைக்குப் பலியானவர்கள்.

ரயில் பாதைக்கு வேறு காரணங்களும் இருந்தனவே, இந்தியாவுக்குள் படையெடுக்கும் ஆசையும் இருந்ததே என்று ஒருவர் குறுக்கிடலாம். இருந்தது. படையெடுப்புக்கும் சரக்கு போக வேண்டும் அல்லவா? பாதுகாப்பான கடல்வழி இருந்திருந்தால் அத்தனை அவசரத்தில், மழைக்காலத்திலும் நிறுத்தாமல், 1943இலேயே முடித்தாக வேண்டிய நெருக்கடி வந்திருக்காது. அந்த அவசரம்தான் ஆட்களைக் கொன்றது. காட்டிலும் நோயிலும் சாவு வரும் என்று தெரிந்தே ஆள் அனுப்பிய அதிகாரிகளுக்கும், துணையில்லாமல் கப்பல் அனுப்பினால் மூழ்கும் என்று தெரிந்தே அனுப்பிய அதிகாரிகளுக்கும், சாகிறவர்களைக் கண்ணால் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஈகனுக்கு இருந்தது. அவர் ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எளிது. அவர் கட்டளைக்கு முகமும் நேரமும் இடமும் உண்டு. கப்பல் ஒதுக்கீட்டுத் தாளுக்கு அது எதுவும் கிடையாது.

பினாங்குத் தளத்தின் ஆயுளையும் கடைசியில் துணைக்கப்பல் பற்றாக்குறைதான் முடித்துவைத்தது. 1943 நவம்பர் 13 அன்று ஐ-34ஐ பினாங்குக்கு வெளியே பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘டாரஸ்’ அடித்தது. 1944 செப்டம்பர் 23 அன்று, ஜெர்மனியிலிருந்து ஐந்து மாதக் கடற்பயணத்தை முடித்துத் துறைமுகத்தை நெருங்கிய யூ-859ஐ இன்னொரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘டிரெஞ்சன்ட்’ வாசலிலேயே மூழ்கடித்தது. வரும் நீர்மூழ்கிகளை எதிர்கொண்டு உள்ளே அழைத்துவர ஜப்பானியர்களிடம் போதுமான கலங்கள் இல்லை. அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானங்கள் துறைமுக வழிகளில் கண்ணிவெடிகளை இறக்கின. அதோடு ஜெர்மானியர்கள் மூட்டை கட்டி ஜாவாவுக்கு நகர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதத்தில், இந்த நீரிணையில் நடந்த கடைசிப் பெரிய கடற்சண்டையில் ஐந்து பிரிட்டிஷ் நாசகாரிகள் ஹகுரோவை இரவில் சூழ்ந்தன. பக்கத்தில் இருந்த துணைக்கப்பல் காமிகாசே ஒன்றே ஒன்று. அந்த இரவை அடுத்த வாரம் பார்ப்போம்.